தபால்காரர் நடக்கக் கற்கிறார்

அல்மாக்ரோவில் டயர் கடைக்கு மேல்மாடி.
வியாழன் இரவு.
முதல் பாடம் நடை என்றார்கள்.
சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

இருபத்தாறு வருஷம்
இந்த ஊர்த் தபாலை நடந்தே கொடுத்தவன்.
எந்த நடைபாதைக் கல் மழைநீரை ஒளித்துவைத்துக்
காற்சட்டையில் பீய்ச்சும்,
எந்த வாசல் நாய் குரைக்காமல் கடிக்கும்,
கேளுங்கள், சொல்கிறேன்.

நெலீதா எதிரே வந்து நின்றாள்.
பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவளாம்.
ஒரு கையை என் கையில் தந்தாள்,
மற்றதைத் தோளில் வைத்தாள்.
பண்டோனியன் துருத்தி விரிந்து மூச்சிழுத்தது.
இரண்டாம் அடியிலேயே
அவள் கால் கட்டைவிரல் மேல் நான்.

"எடையை ஒரு காலுக்கு முழுசாகக் கொடுங்கள்.
பாதி பாதி வைத்தால்
எந்தப் பக்கம் போவீர்களென்று
எனக்கெப்படித் தெரியும்?"
கொஞ்சம் கழித்து,
"இடது தோளில் என்ன தொங்குகிறது?"

ஒன்றுமில்லை.
பையை ஆபீசிலேயே வைத்துவிட்டுத்தான் வந்தேன்.
தோளுக்கு அது தெரியவில்லை.

மூன்று பாட்டு. சுவரோரமாக ஒரே ஒரு சுற்று.
சன்னலருகே இசை சட்டென்று நின்றபோது
நாங்களும் நின்றோம்.
அது ஒன்றைத்தான் சரியாகச் செய்தேன்.

அவளோ முழு நேரமும்
பின்னோக்கியே நடந்தாள், கண்ணை மூடிக்கொண்டு,
நான் கூட்டிப்போகிற இடத்துக்கு,
எனக்கே தெரியாத இடத்துக்கு.

வீடு திரும்பி,
சமையலறை விளக்கை அணைத்துவிட்டுப்
பின்னால் நடந்து பார்த்தேன்.
நாலாம் அடியில் குளிர்பெட்டி.
உள்ளே ஏதோ உருண்டது, முட்டையாக இருக்கும்.
திறந்து பார்க்கவில்லை.
நின்றேன், இடது காலில்,
முழு எடையும் கொடுத்து.