மாதத்தில் இரண்டு சனி

பத்து மணிக்கு ஒப்படைப்பார்கள்,
ஐந்துக்குத் திருப்பித் தரவேண்டும்.
நடுவில் இருக்கும் ஏழு மணி நேரத்துக்குச்
சென்னையில் எங்கே போவது?

முதல் இரண்டு சனியை வேளச்சேரி மால் தின்றது.
எஸ்கலேட்டரில் மேலே, கீழே, மறுபடி மேலே.
உருகும்வரை யாரும் தொடாத ஐஸ்கிரீம்.
"ஸ்கூல் எப்படிப் போகுது?"
"போகுது."

மூன்றாவது சனி கிண்டிச் சிறுவர் பூங்கா.
கவுண்டரில் இருந்த அம்மாள்
"ஒரு பெரியவர், ஒரு குழந்தை" என்று
சீட்டைக் கிழித்துக் கொடுத்தாள்.
அத்தனை வாய்தாக்களில் ஒருவர்கூட எங்களை
இவ்வளவு சுருக்கமாகச் சேர்த்துச் சொன்னதில்லை.

மரங்களுக்கு மேலே
சக்கரத்தை நீட்டிக்கொண்டு விமானம் இறங்கியது.
வேலிக்கு அந்தப் பக்கம் வெளிமான் ஒன்று
காதை மட்டும் திருப்பியது,
புல்லிலிருந்து வாயை எடுக்கவில்லை.
"அதுக்குப் பழகிடுச்சுப்பா" என்றாள் ஜெனிலா.
ஏழு வயது.
வேறு எதைப் பற்றியாவது சொல்கிறாளா என்று
நான் கேட்கவில்லை.

தை மாதம் பள்ளிக்கரணை.
இருதயராஜிடம் இரவல் வாங்கிய பைனாகுலர்,
இடக்கண்ணில் ஒரு கீறல்.
அந்தக் கீறல் வழியாகத்தான் பார்க்க முடிந்தது எல்லாமே:
குப்பைமேட்டுக்கு மேல் வட்டமிடும் பருந்துகள்,
வெயிலைத் திருப்பி எறியும் கண்ணாடிக் கட்டடங்கள்,
நனைந்த சட்டையைக் கழற்றாமலே காயவைப்பதுபோல்
சிறகை விரித்து நிற்கும் நீர்க்காகம்.
தூரத்தில் சேற்றுக்கு நடுவே
சாயம் போன இளஞ்சிவப்பு.
பூநாரை என்றேன்.

"அது பொய்க்காலா?"
"சொந்தக் கால்தான்."
"எங்கேருந்து வந்துச்சு?"
வடக்கே என்று சொல்ல வாயெடுத்து,
"தெரியலடா" என்றேன்.
அவளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.
பைனாகுலரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு
"நான் கண்டுபிடிக்கிறேன்" என்றாள்.
நாள் முழுக்கத் தரவில்லை.

கார்த்திகையில் புயல் எச்சரிக்கை.
கிண்டிக்குப் போய் இறங்கினால்
பூட்டிய கேட்டில் ஈரமான அட்டை:
இன்று விடுமுறை.
ஒரே குடை. திரும்பிவிடலாம் என்றேன்.
அவள் அதற்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.
கம்பிக்கு அடியில் ஒரு நத்தை
உள்ளே போய்க்கொண்டிருந்தது.
காவலர் தன் ரெயின்கோட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து
"அதுக்கு மட்டும் பர்மிஷன் உண்டு பாப்பா" என்றார்.

பாதி ஓடு வெளியே, பாதி உள்ளே.
பேருந்துகள் எங்கள்மேல் தண்ணீரை வாரி அடித்துப் போயின.
குடை அவளுக்கு, அவள் நத்தைக்கு.
கொம்பு தொட்டுப் பார்த்தது,
சுருங்கியது,
மறுபடி நீண்டது.
நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்பது
சைதாப்பேட்டை பஸ் நிறுத்தத்தில்
அவள் அம்மா நின்ற விதத்தில்தான் உறைத்தது.

ஐந்து இருபத்தைந்து.
என்ன சொல்லலாம் என்று தொண்டைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.
"நத்தை லேட் பண்ணிடுச்சும்மா" என்றாள் ஜெனிலா.

அவள் அம்மா என்னைப் பார்த்தாள்.
என் சட்டையை, முழங்கால்வரை சேற்றை.
பையிலிருந்து துண்டை எடுத்து
மகள் தலையைத் துவட்டிக்கொண்டே
யாரிடம் என்று இல்லாமல் கேட்டாள்:
"ஓடு என்ன கலர்?"

நானும் ஜெனிலாவும் ஒரே நேரத்தில்
வேறு வேறு நிறம் சொன்னோம்.