பாலம் இன்னும் இல்லை

அவுவோரின் போனில் கேமரா கண்ணாடி கீறல்.
அவள் எடுத்தால் எந்த மீனுக்கும் மூன்று வால்.
அதனால் காலை ஏழுக்கு
பைக்கை அவள் அடுப்போரம் நிறுத்தி
நான்தான் படம் எடுப்பேன்,
எண்ணெயில் புரண்டு படுக்கும் திலாப்பியாவை,
புகைக்குப் பின்னே கொஞ்சம் ஏரி தெரிகிற மாதிரி.

கீழே அவள் எழுதுவாள்:
பெரியது முந்நூறு ஷில்லிங்.
நடுத்தரம் இருநூறு.
ஒமேனா ஒரு டப்பா ஐம்பது.

ஏப்ரல் மழை நியாமோ ஓடைப் பாலத்தைக்
கிசுமு ஏரிக்குள் கொண்டுபோன மறுநாள்
நாலாவது வரி சேர்ந்தது:
பாலம் இன்னும் இல்லை.

தினமும் அதே வரி.
மீன் விலை ஏறி இறங்கும், அந்த வரி அசையாது.
"வியாபாரத்தில் எதற்கு இது?" என்று அவள் தங்கை கேட்டாள்.
"அக்கரையில் இருக்கிறவன் என் மீனை எப்படித் தின்பான்?"
என்று கேட்டுவிட்டு அவுவோர் செதில் சீவினாள்.

வார்டு உறுப்பினர் பார்த்தார்.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.
கட்டைவிரலில் ஏறி
யாரும் ஓடை தாண்டியதாகத் தெரியவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
பாலம் இருந்தபோது அக்கரைக்கு ஐம்பது ஷில்லிங்.
போனபின் சந்தை ரோட்டைச் சுற்ற வேண்டும், நூற்றைம்பது.
அந்த நூறு நூறாக
பைக் கடனில் மூன்று தவணை கட்டினேன்.
மழைக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றலாமா
என்றுகூட ஒருநாள் தோன்றியது.

ஒரு செவ்வாய் விடியலில்,
இரவுப் பணி முடிந்த நர்ஸ் நெக்கேசா
சுற்றுவழிக்குக் காசில்லாமல்
இடுப்பளவுத் தண்ணீரில் வந்தாள்.
செருப்பு இரண்டும் தலையில்.
நடுவில் ஒன்று வழுக்கிப் போனது.
எட்டிப் பிடிக்கப் போய், பிடிக்காமல்,
அப்படியே நின்று
போகிற செருப்பைப் பார்த்தாள்.

சவாரிக்குக் காத்திருந்த நான்
படம் எடுத்தேன்.
நல்ல படம். வெளிச்சம் அவள் முழங்கையில் விழுந்திருந்தது.
எடுத்து, போனை மூடி, பையில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அவுவோர் மீன் படத்தைத் தேடித் தள்ளியபோது
விரல் அதில் நின்றது.
"யார் எடுத்தது?"
"நான்."
"எப்போ?"
"செவ்வாய்."
"இன்றைக்கு வெள்ளி."
அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.
தட்டில் எனக்கு வழக்கமாக வைக்கும் வால் துண்டை
அன்றும் வைத்தாள்.
விழுங்கத்தான் நேரம் பிடித்தது.

பெரியது முந்நூறு.
நடுத்தரம் இருநூறு.
நெக்கேசாவின் இடது செருப்பு ஆயிரத்து இருநூறு,
ஓடை எடுத்துக்கொண்டது.
பாலம் இன்னும் இல்லை.

மதியத்துக்குள் அந்தச் செருப்பு
நைரோபி போய், தோஹா போய்,
இங்கே பிறந்து எங்கோ பிழைக்கிறவர்களின்
சாப்பாட்டு மேசைகளில் ஏறியது.
இருநூறு ஐந்நூறாகப் போனுக்குள் காசு விழுந்தது.
அவுவோர் ஒவ்வொன்றையும் பெயரோடு எழுதிப் போட்டாள்,
ஒருவர் அனுப்பிய பதினேழு ஷில்லிங் உட்பட.
மரக்கடை ஒம்போகோ நாற்பது பலகை தந்தார்,
தன் கடை போர்டு படத்தில் விழ வேண்டும் என்ற நிபந்தனையோடு.
எப்படி வைத்து எடுத்தாலும் போர்டில் பாதிதான் விழுந்தது.
பரவாயில்லை என்றார்.
வெல்டர் இரண்டு நாள் கூலி கேட்கவில்லை.
மூன்றாம் நாள் கேட்டார்.

ஆணி அடித்து முடிந்தபின்
வார்டு உறுப்பினர் கத்தரிக்கோலோடு வந்தார்.
ரிப்பன் வெட்டினார்.
நாலு பேரோடு உட்கார்ந்து மீன் தின்றார்.

இப்போது மறுபடி ஐம்பது ஷில்லிங்.
பலகைகள் சக்கரத்தின் அடியில் தடதடக்கின்றன,
கதவு தட்டும் தவணைக்காரன் மாதிரி.
நெக்கேசா பின்னால் உட்கார்ந்து தூங்கி
என் முதுகில் முட்டுகிறாள்.
புதுச் செருப்பு. கொஞ்சம் பெரிது.

அடுத்த காலை அவுவோர்
விலை மூன்றும் எழுதி முடித்து
நாலாவது வரியில் விரலை வைத்தபடி இருந்தாள்.
பதினோரு வாரப் பழக்கம்.
எண்ணெய் பொரிந்தது.
பிறகு எழுதினாள்:
ரிப்பன் வெட்டியவர்கள், ஐந்து தட்டு.
காசு இன்னும் இல்லை.

படம் நான்தான் எடுத்தேன்.
முள் மட்டும்.
உடனே கொடுத்துவிட்டேன்.