முன்னூறு நொடி

ஜூன் பதினொன்று. மாலை நாலு இருபது.
காவேரிப்பட்டணம் சாலையோரம் முப்பத்தெட்டு லாரி.
எல்லாம் பெங்களூரா மாங்காய்,
தார்ப்பாய்க்குள் வெந்துகொண்டிருக்கிறது.
எடைமேடைத் திரையில் ஒரு வட்டம்
சுற்றுகிறது, சுற்றுகிறது.

சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது,
என் முதுகுக்குப் பின்னால்,
ஏசிக் குளிரில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு.
அதன் பெயரைச் சொன்னால் வழிகாட்டத்தான் ஆளில்லை.
சுவருக்கு இந்தப் பக்கம் போகவும்
கடல்தாண்டிப் போய் விசாரிக்கிறது எடைமேடை.
விசாரித்த இடம் படுத்துவிட்டது.

மார்ச்சில் சர்வரை மாற்றியபோது
பெயரின் ஆயுளை முன்னூறு நொடியாகக் குறைத்தவள் நான்.
திரும்ப ஏற்ற மறந்தவளும் நான்.
ஒரு நாள் என்று வைத்திருந்தால்
நாளை மாலைவரை எங்களை நினைத்திருப்பார்கள்.
ஐந்தே நிமிடம்.
கடன்காரனைக்கூட இத்தனை சீக்கிரம் யாரும் மறப்பதில்லை.

"அப்பவே சொன்னேன், நம்மகிட்டயே இருந்திருக்கணும்"
என்கிறார் வரதராசு.
அப்போது சொன்னது வேறு.

போன வருடம் நம்மிடம்தான் இருந்தது.
ரெண்டு சர்வர், ஒன்றுக்கொன்று துணை;
ஒரே அலமாரி, ஒரே யூபிஎஸ், ஒரே கேபிள்.
குருபரப்பள்ளிப் பக்கம் ஒரு ஜேசிபி
ஒரே கடியில் துணையையும் சேர்த்துக் கடித்தது.
"சர்வரே வெளிய தெரியல,
பேர் தெரிஞ்சு என்னம்மா பண்ணப் போறோம்?"
நல்ல கேள்வி.
ஆனால் மெயில் மும்பையில் உயிரோடு இருந்தது.
ராட்டர்டாம் ஆர்டர் எங்கள் பெயரை விசாரித்து விசாரித்து
இரண்டாம் நாள் திரும்பிப் போனது.

இங்கே ஒன்று, அங்கே ஒன்று,
இரண்டுக்கும் ஒரே ஏடு என்று எழுதிக் கொடுத்தேன்.
"எது மலிவு?" என்ற ஒரு வரியோடு
கோப்பு திரும்பி வந்தது.

இப்போது சாக்பீஸ் எடுக்கிறேன்.
எடைமேடைச் சுவரில் நாலு எண், நடுவே மூன்று புள்ளி.
மாதப்பனை அதையே தட்டச் சொல்கிறேன்.
ஆபத்து என்று திரை சிவக்கிறது.
"பரவால்ல, உள்ள போ."
முதல் லாரி மேடை ஏறுகிறது:
பதினான்கு டன், அறுநூறு கிலோ.

ராத்திரி ஒன்பதுக்குப் பெயர் திரும்பி வந்தது,
எங்கே போனேன் என்று சொல்லாமல்.

சுவரை நான் அழிக்கவில்லை.
வேப்பனப்பள்ளித் திம்மராயன்
அந்த எண்ணுக்குப் போன் போட்டுப் பார்த்தானாம்.
"யாருமே எடுக்கலைங்க மேடம்."