கூண்டு விளக்குகள்

ஒன்பது வருடம் அது வியாழக்கிழமைகளில் வந்தது.
ஒவ்வொரு நாலாவது வியாழனும், மதிய மணி அடிப்பதற்குள்,
சம்பளச் சீட்டு போல.
மெலிதாக, பழுப்பாக, யாரையும் தொந்தரவு செய்யாமல்.
என் இரத்தம் என்றுதான்
நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில், புவெர்த்தோ மான்ட் மருத்துவமனையில்,
மேட்ரோனா என் கையிலிருந்து பட்டையைக் கழற்றிவிட்டு
"இதோடு போதும், நெலிதா" என்றாள்.
வயது முப்பத்தைந்து. அரைப் பாக்கெட் சிகரெட்.
கண்ணில் மின்னல் வெட்டிவிட்டு வரும் ஒற்றைத் தலைவலி.
இத்தனை நாள் கொடுத்ததே தப்பு என்பது போல
என் முகம் பார்க்காமல் எழுதினாள்.
"ஒழுங்காக மூன்று மாதம் ஆகலாம்.
சிலருக்கு இன்னும் கூட."
ஒரு காகிதப்பை நிறைய ஆணுறை.
மாத்திரையை அன்றே விட்டேன்.
சிகரெட்டை விடவில்லை.

முதலில் ஒன்று வந்தது, வியாழன்தான்.
மாத்திரை வைத்துவிட்டுப் போன பாக்கி.
பிறகு மழை மட்டும் வந்தது.

முப்பத்தைந்தாம் நாள். நாற்பத்திரண்டாம் நாள்.

சால்மன் ஆலையில் முள் எடுப்பது என் வேலை.
வெள்ளைத் தொப்பி, வெள்ளை அங்கி, வெள்ளை பூட்ஸ்.
கழிப்பறைக்குக் கை தூக்க வேண்டும்;
பாரியெந்தோஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைப்பான்.
வராத விருந்தாளிக்குத் தினமும் தட்டு வைப்பது போல்
தினமும் பஞ்சு வைத்துக்கொண்டு போனேன்.
தாடையில் பதினாறு வயதுப் பருக்கள்.
சீப்பில் கொத்தாக முடி.
"முழுகாமல் இருக்கிறாயா?" என்றாள் உபெர்லிந்தா,
இடுக்கியை நிறுத்தாமலே.

இரண்டு முறை சோதித்தேன்.
இரண்டு முறையும் ஒற்றைக் கோடு.
இரண்டாம் முறை நிம்மதி
கொஞ்சம் குறைவாக இருந்தது.
அதை எலியேசெரிடம் சொல்லவில்லை.

எலியேசெர் கூண்டுகளில் இரவுக் காவல்.
குளிர்காலம் முழுக்க
தண்ணீருக்கடியில் விளக்கு எரிய வேண்டும்,
அவன் வேலையே அதுதான்.
மீனுக்கு முடியாத கோடை.
பருவம் வந்ததே தெரியாமல்
தின்றுகொண்டே இருக்கும்.
பருவத்துக்கு வந்த மீன் சதை வெளுத்துவிடும், விலை போகாது.
அப்படிச் சில என் மேசைக்கும் வந்ததுண்டு,
பழைய துணி நிறத்தில்.

மே மாதம் ஓர் இரவு ஜெனரேட்டர் நின்றுபோனதாம்.
"விளக்கில்லாமல் அதுகள் என்ன செய்தன?" என்றேன்.
"இருட்டில் எனக்கென்ன தெரியும்?"
என்று பூட்ஸைக் கழற்றினான்.

ஐம்பத்தெட்டாம் நாள்
இடுப்பின் இடப்பக்கம் ஒரு சுருக்.
ரொட்டிக்கடை வரிசையில் நின்றபடி
அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.
உள்ளாடையில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி
இழுபடும் ஈரம்.
இதை எங்கோ பார்த்திருக்கிறேன்.
இருபத்தாறு வயதில்,
காலெபுகோ படகுத்துறைக்கு மேலே இருந்த
அந்த வாடகை அறையில்.
தெருவில் பார்த்துவிட்டுப்
பெயர் ஞாபகம் வராத ஒருத்தி போல்
அது என்னைக் கடந்து போனது.

எழுபத்தொன்று. திங்கட்கிழமை.
காலையிலிருந்தே எல்லோர் மேலும் கோபம்.
முதுகுத்தண்டின் அடியில் யாரோ திருகு போடுகிறார்கள்.
கை தூக்கினேன்.
பாரியெந்தோஸ் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.
அவன் பார்த்து முடிக்கும்வரை
நான் நிற்கவில்லை.

ஆலையில் இரத்தம் யாருக்கும் புதிதில்லை.
தரையெல்லாம் அதுதான், குழாய் வைத்து அடிக்கிறோம்.
ஆனால் மீனின் இரத்தம் குளிர்ந்தது.
இது சூடாக இருந்தது.
சிவப்பு. சும்மா சொல்லவில்லை, சிவப்பு.
கட்டியும் வலியுமாக,
அங்கியின் வெள்ளையில் உள்ளங்கை அகலத்துக்கு.
கதவைத் தாழிட்டுக்கொண்டு,
வெட்கமாயிருக்கிறது சொல்ல,
சிரித்தேன்.
பிறகு வலித்தது. நன்றாகவே வலித்தது.

"அடுத்தது எப்போது?" என்றாள் உபெர்லிந்தா,
மாற்று அங்கியை நீட்டியபடி.
எப்போதோ.

வீட்டில் காஸ் கம்பெனி நாட்காட்டியில்
ஒரு திங்கட்கிழமையை வட்டமிட்டேன்.
அடுத்த வட்டத்துக்கு
இடம் பார்த்து வைக்கவில்லை.
விடியலில் எலியேசெர் டீசல் வாடையோடு வந்தான்,
பையில் வெந்நீர் நிரப்பி
என் வயிற்றில் வைத்தான்.
பகல் வெளிச்சத்திலேயே தூங்கிப் பழகியவன்.
அன்றைக்கு நான் எழுந்துபோய்
ஜன்னலுக்குக் குறுக்கே
கனத்த போர்வையைத் தொங்கவிட்டேன்.