இருபதாவது செல்

திங்கள் மாலை வந்த எலும்பு மஜ்ஜை,
ஒரு மில்லி இருக்கும்.
குழாயில் ஒட்டிய சீட்டில்
இன்பவல்லி ஏ/பி துரைக்கண்ணு,
வயது நாற்பத்தொன்று.
என் வயதுதான்.
அதற்கு மேல் யோசிக்காதே என்பாள் சியூ பெங்.
அவளும் யோசிப்பவள்தான்.

இரவு முழுவதும் முப்பத்தேழு பாகையில்
அவை தம்பாட்டுக்கு வேலை பார்த்தன.
ஒவ்வொன்றும் தன்னை முழுதாகப் படியெடுத்தது,
எழுத்துப் பிழை பார்த்தது,
நூலைச் சுருட்டிக் கட்டாக்கி
நடுக்கோட்டில் கொண்டுவந்து நிறுத்தியது.
பிரியும் முன் ஒவ்வோர் இரட்டைக்கும்
இரு முனையிலிருந்தும் கயிறு வர வேண்டும்.
நாற்பத்தைந்துக்கு வந்து
ஒன்றுக்கு வராவிட்டால்
நாற்பத்தைந்தும் நிற்கும்,
கடைசி இலையில் சோறு விழும்வரை
முதல் இலைக்காரர் கை வைக்காத பந்தி போல.
(அப்படிப் பந்தியை நான் கண்டதில்லை.
தண்ணீர்மலையில் தைப்பூசத்தன்று
சாம்பாருக்கு முன்பே பாதி இலை காலி.)

காலையில் நான் வந்து
இரண்டு சொட்டு நஞ்சு விட்டேன்,
காந்தள் கிழங்கில் ஊறும் நஞ்சுக்கு
ஒன்றுவிட்ட தங்கை.
பெண் விரலுக்கு உவமையான பூ;
மண்ணுக்குள் அதன் விரலோ
யாரையும் கயிறு திரிக்க விடாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
செல்லை நிறுத்துவது இந்த மருந்து என்று நினைத்திருந்தேன்.
இல்லை.
மருந்து கயிற்றை மட்டும் கெடுக்கிறது.
நிற்பது செல்லேதான்.
வரும், கயிறு வரும் என்று
கதவைத் திறக்காமல் காத்திருக்கிறது.
அந்தக் காத்திருப்பின் மேல்தான்
என் சம்பளம் ஓடுகிறது.

பிறகு நீர்த்த உப்புத் தண்ணீரில் ஊதவைத்து,
மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் ஊற்றி
(அறை முழுக்க ஜெருக் கடை வாசம்)
ஒரு சாண் உயரத்திலிருந்து கண்ணாடியில் சொட்டினேன்.
கடலிலிருந்து மழை ஏறிவரும் நாளில்
காய மறுத்துச் சொட்டு அளவு மீறி விரியும்;
பக்கத்துச் செல்லின் குரோமோசோம் ஒன்று
இதற்குள் வந்து குந்தும்.
வானிலை பார்த்து வேலை செய்பவர்கள்
மீனவரும் நாங்களும்.

இன்று புதன். வெயில். நன்றாகவே விரிந்திருந்தது.
முதல் செல்: நாற்பத்தாறு.
ஆனால் ஒன்பதின் வால் நீண்டிருக்கிறது,
இருபத்திரண்டு குட்டையாக, நறுக்கியது போல.
இரண்டும் நுனியை மாற்றிக்கொண்டுவிட்டன.
மாறிய இடத்தில் ஒரு சுவிட்ச்
அணையாமல் எரியும்:
பிரி, பிரி, இன்னும் பிரி.
யார் கேட்டார்கள், உடலுக்குத் தேவையா,
எதையும் அது விசாரிப்பதில்லை.

இரண்டாவதும் அப்படி. ஏழாவதும்.
பதினொன்றில் கண்ணைத் தேய்த்துக்கொண்டேன்.
அப்போதுதான் உறைத்தது:
கேட்பாரற்றுப் பெருகும் இந்தச் செல்லும்
கயிற்றுக்காகக் காத்திருந்திருக்கிறது.
எல்லாக் காவலையும் தாண்டி வந்தது
இந்த ஒரு வாசலில் மட்டும்
கைகட்டி நின்றிருக்கிறது.
நின்றதால் அகப்பட்டது.
எனக்கு அதன் மேல்
கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

பத்தொன்பது முடிந்தது.
இருபதாவது செல் சரியாக இருந்தது.
மறுபடி எண்ணினேன். சரியாகவே இருந்தது.
ஒன்பது ஒன்பதாக,
இருபத்திரண்டு இருபத்திரண்டாக,
ஒரு கலவரத் தெருவில்
வழக்கம்போல் கடை திறந்தவர் மாதிரி.
அறிக்கையில் அதற்கும் இடமுண்டு:
சதுர அடைப்புக்குள், கடைசியில், 1.

இதற்கு இப்போது மாத்திரை இருக்கிறது,
தினமும் விழுங்க வேண்டும்.
எழுதித் தருவது என் வேலையல்ல.
நான் எண்ணுகிறவள்.

ஆறு ஐம்பது ஃபெரிக்கு ஓடினேன்.
இரும்புக் கதவை என் கண்ணெதிரே இழுத்துப் பூட்டினான்;
ஒரு ஆளுக்காக எந்தப் படகும் நிற்காது.
கம்பியில் சாய்ந்துகொண்டேன்.
அக்கரையில் பட்டர்வொர்த் விளக்குகள்
இரண்டிரண்டாக ஏறிக்கொண்டிருந்தன.
இன்பவல்லி இந்நேரம் எங்கோ
வெறும் ரத்தக்குறைவுதான் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பாள்.
அறிக்கை வெள்ளிக்கிழமைதான் போகும்.