ககரத்திலிருந்து நகரத்துக்கு

வெயிலில் காய்ந்த பேட்டரிகளில்
இன்னும் ஒரு கவிதைக்கு உயிர் இருந்தது.
பெட்ரோல் பீப்பாய்மேல் டேப்ரிக்கார்டரை நிறுத்தி
காஹின் பொத்தானை அழுத்தினான்.
பெர்பெரா லாரியில் வந்த கேசட்.
உள்ளே கூலேதின் குரல்.

கிணற்றுச் சண்டை நடந்து
இரண்டு மழை போய்விட்டது.
இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

சோமாலிக் கவிஞன் முதல் அடியில்
எந்த ஒலியைப் பிடித்தானோ
கடைசி அடிவரை அதை விடக்கூடாது.
அடிக்கு இரண்டு பாதி,
பாதிக்கு ஒரு சொல்லாவது அந்த ஒலியில் தொடங்க வேண்டும்.
நம் மோனை அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடும் பயணி.
அவர்களுடையது
ஊர் போய்ச் சேரும்வரை டிக்கெட் எடுத்தது.

பதில் சொல்பவனுக்கும் அதே ஒலிதான்.
மாற்றினால்,
இவனுக்கு மூச்சு வாங்கிவிட்டது என்பார்கள்.

கூலேத் தன் பெயரின் ஒலியையே எடுத்திருந்தான்.
அதற்கு நம்மிடம் தனி எழுத்து இல்லை.
சங்கு என்று சொல்லிப் பாருங்கள்:
ஙகரம் விலகியதும் தொண்டையில் உருளுகிறதே, அது.
நாம் சொல்லுக்கு நடுவே ஒளித்து வைத்திருப்பதை
அவர்கள் வாசலில் நிறுத்துகிறார்கள்.

கேல், ஒட்டகம்.
கர், நியாயம்.
கூல் வெற்றி, கேரி சாவு.
கொளுத்து என்பதற்கு குப்.
(நமக்கும் தீ குப்பென்றுதான் பற்றுகிறது.)
எல்லாம் ஒரே பாயில் படுக்கிற சொற்கள்.
கேலைத் தொட்டால் கேரி விழித்துக்கொள்ளும்.

காஹினுக்குக் கை அரித்தது.
கிணற்றடிக்குப் போய்க்
கயிற்றைக் கையில் சுற்றிக்
கல்லைக் கட்டிக் கீழே விட்டுக்
காதைக் கொடுத்துக் கோத்தான் நாற்பது அடி.
கணீரென்று நின்றது ஒவ்வொன்றும்.

எப்லா முழுக்கக் கேட்டாள்.
செத்த இருவரில் ஒருவன் அவள் தம்பி.
"நன்றாயிருக்கிறது. கேரி எத்தனை முறை?"
விரல்விட்டு எண்ணினான். பதினொன்று.
"நபத்?"

நபத், சமாதானம்.
அது எப்படி வரும்? வேறு வீட்டுச் சொல்.
அடியின் ஓரமாக ஒண்டி வரலாம்,
கூரையைத் தாங்கும் கழியாக நிற்காது.
அவளுக்கு இது தெரியாதா?
தெரிந்துதான் கேட்டாள்.
கேட்டுவிட்டு ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இரவெல்லாம் அவன் வாய்க்குள் சோதித்தான்.
கூலேதின் ஒலி
அடைத்து, வெடித்து, முடிந்துவிடுகிறது,
துப்பாக்கி மாதிரி.
அதை நீட்ட முடியாது.
ந்ந்ந்ந் என்பது
பல்லின்மேல் நாக்கை ஊன்றிக்கொண்டு
மூச்சை மூக்கு வழியே போகவிடுகிறது.
எவ்வளவு நேரம் வேண்டுமானாலும்.

நிலவு நரைத்த நேரத்தில்
நின்றபடியே தொடங்கினான், நகரத்தில்.
நகரம் என்றால் இங்கே ஊரல்ல, எழுத்து.
நின் மனிதன். நாக் பெண். நஃப் உயிர்.
நோலோல், வாழ்க்கை.
நெருக்கியடித்து வரவில்லை அவை.
நீர் குடிக்க வரும் மந்தைபோல
நடந்து நடந்து வந்தன.

நபத்தைத் தேடிப் போனவனுக்கு
அதன் பக்கத்திலேயே இன்னொரு சொல் கிடைத்தது:
நபர்.
காயம், ஆறியபின் தழும்பு.
கடைசி ஒலி ஒன்றுதான் வித்தியாசம்.
தள்ளிவிடலாமா என்று பார்த்தான்.
தள்ளவில்லை. ஒரே அடியில்
பாதிக்கு ஒன்றாக இரண்டையும் நிறுத்தினான்.

அவனுக்குத் தெரியாது,
தமிழில் அது ஆள் என்று.
செய்தித்தாளில் வருவாரே,
அடையாளம் தெரியாத நபர்.
இங்கே மூன்று பேருக்கும் அடையாளம் தெரியும்.
தகப்பன், பாட்டன், ஏழாம் பாட்டன்வரை தெரியும்.

லாரிக்காரன் கேட்டுவிட்டுச் சிரித்தான்.
"ஒலியை மாற்றிவிட்டாயே!
கூலேத் ஊரெல்லாம் சொல்லப்போகிறான்,
காஹின் தோற்றான் என்று."

"சொல்லட்டும்.
எந்த ஒலியில் சொல்கிறான் என்று மட்டும்
கேட்டுக்கொண்டு வா."

புழுதி அடங்க நேரமாயிற்று.
எப்லா பேட்டரிகளைக் கழற்றி
மறுபடி வெயிலில் வைத்தாள்.