பத்துப் பேர்ச்சஸ்

எழுதுங்க சேர்.
பேர் கனகேஸ்வரி. வயசு நாற்பத்தேழு.
குவைத்தில பதினொரு வருசம், ஒரே வீடு.
அந்த வீட்டில எத்தனை யன்னல் எண்டு கேட்டால்
இப்பவும் சொல்லுவன். இருபத்தாறு.

காணி பெரியநீலாவணையில.
கடலுக்கும் றோட்டுக்கும் நடுவில பத்துப் பேர்ச்சஸ்,
ஒரு கிணறு,
சுனாமி சரிச்சுவிட்டுப் போக
சரிஞ்சபடியே காய்க்கிற ஒரு தென்னை.

"என்ன பொய் சொன்னவர்? எப்ப?
நானூற்று மூண்டாம் பிரிவுக்கு அது வேணும் அம்மா."

யோசிச்சுப் பார்க்கிறன் சேர்.
கிணத்துத் தண்ணி இனிப்பு எண்டார் கிருபைராசா.
வாளி விட்டு அள்ளித் தந்தார். இனிப்புத்தான்.
கச்சான் அடிக்கிற காலத்திலயும்
பின்னேரம் கடற்காத்து வரும் எண்டார். வந்தது.
தென்னையில எண்பது காய் எண்டார்.
எண்பத்திரண்டு எண்ணினன்.
மகளுக்கு மூச்சிழுப்பு எண்டார்.
அந்தப் பிள்ளை என்ர கண்ணுக்கு முன்னால இழுத்தது.
என்ர மனிசன்ர செத்தவீட்டில
முன்பக்கம் பாடை தூக்கினதும் அவர்தான்.

மறுகா,
முப்பத்திரண்டு லட்சம், பிஸ்கட் டின்னில.
நொத்தாரிசுட மேசையில
விரல் காட்டின இடமெல்லாம் ஒப்பம் வச்சன்.
வாசிக்கல்ல. பஸ் போயிரும் எண்டார்.
அதுவும் உண்மை. பஸ் போயிற்று.
அவரே மோட்டார் சைக்கிளில ஏத்திவந்து விட்டார்.

வேலி அடைக்கப் போன அண்டு
எனக்கு முந்தியே அங்க
மருதமுனை உதுமாலெப்பை நானா
கொங்கிறீட் தூண் இறக்கிக்கொண்டு நிக்கிறார்.
"ஆரைத் தேடுறீங்க தங்கச்சி,
என்ர வளவுக்குள்ள?"
நான் உறுதியை எடுத்தன். அவரும் எடுத்தார்.
அதே முத்திரை.
கிழக்கு எல்லை, அதே கடற்கரை வீதி.

ரெண்டு பேருக்கும் வாய் வரல்ல.
அந்த நேரம் பார்த்து
கல்லாற்றுப் பொடியன் ஒருத்தன் சைக்கிளைச் சாத்திறான்.
கையில அளவுநாடா,
மற்ற நுனியைப் பிடிக்க, கட்டப்போற பிள்ளை.
குசினி எங்க, சாமியறை எங்க எண்டு
சிரிச்சுச் சிரிச்சு அளக்குதுகள்.
எப்படிச் சொல்றது?
"முதல்ல தண்ணி குடி தம்பி" எண்டார் நானா.
குடிச்சான்.
"நல்ல தண்ணி" எண்டான்.

காணி கனடாவில உள்ள ஒரு ஆளுக்காம்.
இது எதுவும் அவருக்குத் தெரியாதாம்.

கண்டுபிடிச்சிட்டன் சேர், எழுதுங்க.
அந்த மனிசன் சொன்ன பொய் ஒரே ஒரு சொல்.
மற்றதெல்லாம் அதைத் தோளில தூக்கிவந்த உண்மைகள்.
"என்ர."
"என்ர காணிதான் மனே" எண்டாரே,
அதில முதல் சொல்.
திகதி தெரியாது. மழை பெய்ஞ்ச நாள்.

"சரி, இதில ஒப்பம் வையுங்க."

தாங்க.
பேனை பிறகு. தாளை.
விசிறியைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க, ஒற்றை பறக்குது.

சேர்,
முதலாம் வரியிலயே
எனக்கு எழுபத்துநாலு வயசு எண்டு
எழுதியிருக்கிறீங்க.